பாலில் இருக்கும் கிருமியின் பெயர் என்ன? மடிநோய்க்கான பி.சி.ஆர். சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக், டொங்காட், வெருலம் பக்கம் மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலவிதம். வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆகட்டும் என்று இரண்டு ஜெர்சி வைத்திருப்பவர் உண்டு. கறவை இயந்திரம் போட்டு ஆலைக்குப் பால் அனுப்புபவரும் உண்டு. மடிநோய் வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள். கடையில் மருந்துக் குழாய் வாங்கிக் காம்புக்குள் ஏற்றிவிடுகிறார்கள், உள்ளே இருப்பது எந்தக் கிருமி என்று தெரியாமலே. பால் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. முதலில் கிருமியின் பெயர், அப்புறம் மருந்து. இந்த வரிசை ஏன் முக்கியம், பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பலர் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாலைப் பார்த்தாலே மடிநோய் தெரிந்துவிடுமே, சோதனை எதற்கு?

பால் கட்டியும் திரியுமாக வந்தால், மடி வீங்கிச் சூடாக இருந்தால், மாடு தொடவிடாமல் உதைத்தால் தெரியும்தான். ஆனால் மடிநோயில் பெரும்பகுதி இப்படி வெளியே தெரிவதில்லை. பால் வெள்ளையாகச் சாதாரணமாகவே இருக்கும். கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பெரியவர்கள் பாலை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரித்தால் மடியில் கோளாறு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. மடியின் உட்சுவர் புண்படும்போது இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன, பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைகிறது. ஆனாலும் காய்ச்சாத பாலை ருசி பார்க்காதீர்கள். காரணத்தைத் தைப்பூசம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அதைவிட நல்ல வழி கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை. நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, சோப்பு வகைத் திரவத்தைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். வெள்ளணுக்கள் அதிகமாக இருந்தால் பால் கூழாகக் கெட்டியாகும். ஆய்வகத்தில் இதையே எண்ணிச் சொல்வார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் அணுக்களைத் தாண்டினால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டுப் பால் விதிமுறை 5 லட்சம் வரை அனுமதிக்கிறது. அதாவது சட்டப்படி விற்கத் தகுந்த பாலைத் தரும் மந்தையிலும் நோயுள்ள மாடுகள் இருக்கலாம். இந்தச் சோதனைகள் எல்லாம் மடியில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும். யாரால் வந்தது என்று சொல்லாது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கடையில் கிடைப்பது இரண்டு மூன்று மருந்துதானே?

நான் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதில்தான் நிற்கிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று ஒரு கிருமி. 1887-இல் பிரான்சில் நோகார், மொலெரோ என்ற இருவர் மாடுகளின் தொற்று மடிநோய்க்குக் காரணம் என்று இனங்கண்டது இதைத்தான். இது பெரும்பாலும் மாட்டு மடியை நம்பியே வாழ்வது. கறப்பவர் கையாலும் கறவைக் கருவியாலும் மாட்டுக்கு மாடு போகும். சாதாரணப் பெனிசிலினுக்கே பெரும்பாலும் கட்டுப்படும். மந்தையிலிருந்தே இதை ஒழித்துவிட முடியும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் அதே வழியில்தான் பரவும். ஆனால் இது மடித் திசுவுக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கி அதற்குள் ஒளிந்துகொள்ளும், வெள்ளணுக்களுக்குள்ளேயும் உயிரோடு இருக்கும். நாள்பட்ட தொற்று, அதுவும் பல ஈற்று ஈன்ற மாட்டில் என்றால், எத்தனை குழாய் ஏற்றினாலும் குணமாகும் வாய்ப்பு குறைவு. அந்த மாட்டைக் கடைசியாகக் கறப்பதா, விற்றுவிடுவதா என்பதுதான் அங்கே கேள்வி.

மைக்கோபிளாஸ்மா போவிஸுக்குச் செல்சுவரே கிடையாது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் செல்சுவரைத்தான் தாக்குகின்றன. இல்லாத ஒன்றைத் தாக்கி என்ன பயன்? இதற்கு நம்பத்தகுந்த சிகிச்சை இல்லை. ஒரு காம்பிலிருந்து அடுத்த காம்புக்குத் தாவும், கன்றுகளுக்கு நிமோனியாவும் மூட்டு வீக்கமும் கொடுக்கும்.

ஈ.கோலை சாணத்திலிருந்து வருவது. லேசான தொற்றாக இருந்தால் மாட்டின் உடலே பெரும்பாலும் அதை ஒழித்துவிடும். கடுமையாக வந்தாலோ, கிருமி வெளியிடும் நச்சால் மாடு படுத்துவிடும். அது உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அவசரம், எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்கக் கூடாது. ப்ரோட்டோதீகா என்று ஒன்று, அது பாக்டீரியாவே அல்ல, நிறமிழந்த பாசி. எந்த ஆண்டிபயாடிக்கும் அதைத் தொடாது.

இந்த ஐந்துக்கும் ஒரே குழாயை ஏற்றினால் ஒன்றில் பலிக்கும், மற்றவற்றில் பணமும் பாலும் வீண். நம் நாட்டில் கால்நடை மருந்துகள் பற்றியும் பேசும் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டத்தின்படி சில ஆண்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமலே விவசாயி வாங்கலாம். தொலைவில் இருப்பவருக்கு அது உதவிதான். ஆனால் பெயர் தெரியாமல் மருந்து ஏற்றும் பழக்கம் வளர்ந்ததும் அந்த வசதியால்தான் என்பது என் எண்ணம்.

பி.சி.ஆர். என்றால் கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதுவா?

அதே முறைதான். அங்கே வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடினார்கள், இங்கே பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைத் தேடுகிறோம். ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கே உரிய டி.என்.ஏ. பகுதிகள் உண்டு. அந்தப் பகுதியின் இரண்டு ஓரங்களிலும் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளைத் தயாரித்துப் போடுகிறோம். கலவையை 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். குளிர்வித்தால் நம் துண்டுகள் போய் ஒட்டும். அப்புறம் ஒரு நொதி அங்கிருந்து புது இழையைக் கட்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்ததில் நான்கு. 30 சுற்றில் ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டிவிடும். தேடும் கிருமி இல்லையென்றால் துண்டுகள் ஒட்ட இடம் இல்லை, எதுவும் பெருகாது.

1983-இல் அமெரிக்காவின் கேரி மல்லிஸுக்குத் தோன்றிய யோசனை இது; 1993-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டிலும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டுபிடித்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்றில் என்ன வாழ்கிறது என்ற ஆர்வத்தில் ஒருவர் செய்த ஆராய்ச்சி இன்று நம் மாட்டுக்கொட்டகை வரை வந்து உதவுகிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

பாலை அப்படியே இயந்திரத்தில் வைத்துவிடலாமா?

முடியாது. பால் பி.சி.ஆருக்குத் தொல்லை தரும் பொருள். கொழுப்பு கிருமிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நொதிக்குத் தேவையான மக்னீசியத்தோடு பாலின் கால்சியம் போட்டியிடும். புரதங்களும் வேலையைத் தடுக்கும். ஆகவே முதலில் பாலை வேகமாகச் சுழற்றி, மேலே ஒதுங்கும் கொழுப்பை நீக்கி, அடியில் படிந்ததை எடுத்து, கழுவி, கிருமியின் சுவரை உடைத்து, டி.என்.ஏ.வைப் பிரிக்கிறோம். ஸ்டெஃபிலோகாக்கஸ் சுவர் தடிமனானது. அதற்கென்றே தனி நொதி வேண்டும். இந்தப் படியில் அவசரப்பட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் நமக்குத் தெரிந்த ஒரு டி.என்.ஏ.வைச் சேர்த்து ஓட்டுவது வழக்கம். அதுவே பெருகவில்லை என்றால் சோதனையை ஏதோ தடுத்துவிட்டது என்று பொருள். அந்த முடிவைத் தள்ளிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் இந்த உள்கட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனை போதாதா?

பல நேரம் போதும். செலவும் குறைவு. மாதிரியைத் தட்டில் பூசி 37 டிகிரியில் வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் கிருமி கூட்டமாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். அந்த உயிருள்ள கிருமியை வைத்துத்தான் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க முடியும். வளர்ப்பை ஒதுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விட்டு விட்டுத்தான் பாலில் வெளிவரும். ஒரே ஒரு மாதிரியை வளர்த்தால் தொற்றுள்ள மடியறைகள் (ஒவ்வொரு காம்புக்கும் உரிய மடிப்பகுதி) நான்கு இருந்தால் ஏறக்குறைய மூன்றில்தான் அகப்படும். மைக்கோபிளாஸ்மா சாதாரணத் தட்டில் வளரவே வளராது. சிறப்பு ஊடகமும் ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டும். பால் திரிந்து மடி வீங்கியிருந்தும் தட்டில் ஒன்றும் வளராத மாதிரிகள் எந்த ஆய்வகத்திலும் நிறைய உண்டு. ஃபின்லாந்தில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி எதுவும் வளராத மாதிரிகளைப் பி.சி.ஆரில் போட்டபோது 43 சதவீதத்தில் மடிநோய்க் கிருமிகளின் டி.என்.ஏ. கிடைத்தது. பி.சி.ஆர். சில மணி நேரத்தில் முடியும். ஒரே ஓட்டத்தில் பத்துப் பதினைந்து கிருமிகளைத் தேடும் கிட்டுகள் கடைக்கு வந்துவிட்டன.

எங்கள் கேள்வி எளிது: மாதிரி எப்படி எடுப்பது?

எளிதுதான், ஆனால் முடிவில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடும். பி.சி.ஆர். மிக நுட்பமானது. காம்பின் தோலில் ஒட்டியிருந்த சாணக் கிருமியையும் மடிக்குள் இருந்த கிருமியையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அழுக்கான மாதிரியை வளர்ப்புக்கு அனுப்பினால் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், பி.சி.ஆரில் அது அழகான, தவறான அறிக்கையாக வரும்.

கையைக் கழுவிக் கையுறை போடுங்கள். காம்பு அழுக்காக இருந்தால் கழுவி முழுக்கத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் சொட்டும் மடியில் மாதிரி எடுக்கவே கூடாது, மடியின் அழுக்குத் தண்ணீர் வழிந்து குழாய்க்குள் இறங்கும். முதல் மூன்று நான்கு பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுவிடுங்கள், தரையில் வேண்டாம். அப்புறம் 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியைத் தேயுங்கள். பஞ்சில் அழுக்கு தெரியாத வரை தேய்க்க வேண்டும், ஒவ்வொரு காம்புக்கும் புதுப் பஞ்சு. துடைக்கும்போது உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் காம்பிலிருந்து தொடங்கிக் கிட்டே வாருங்கள். பால் எடுக்கும்போது கிட்டே இருப்பதிலிருந்து தொடங்கி எட்டத்துக்குப் போங்கள். இல்லையென்றால் துடைத்த காம்பில் உங்கள் கையே உரசிவிடும்.

குழாயின் மூடியைத் திறந்து கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், உட்புறத்தைத் தொடாதீர்கள், வாயில் கவ்வாதீர்கள். குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சில மில்லிலிட்டர் பீச்சினால் போதும், நிரப்ப வேண்டாம். மாட்டின் எண், எந்தக் காம்பு, தேதி மூன்றையும் கறக்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். கறந்த பிறகு ஈரக் குழாயில் மை நிற்காது. உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். முக்கியமானது இன்னொன்று: மருந்து ஏற்றும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் மருந்து போட்டுப் பார்த்து, கேட்கவில்லை என்ற பிறகு மாதிரி கொண்டுவருபவர்கள்தான் இங்கே அதிகம்.

எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்ற பால் பதிவுக்காக மீட்டரிலிருந்து எடுக்கும் மாதிரியையே அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். கெடாமல் இருக்கப் பாதுகாப்பு மருந்து சேர்த்த அந்தப் பாலில் பி.சி.ஆர். ஓடும், வளர்ப்பு ஓடாது. ஆனால் முந்தைய மாட்டின் பால் கருவியில் தங்கி அடுத்த மாட்டின் மாதிரியில் கலந்திருக்கும். லேசான பாசிட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் குளிர்பெட்டி அணைந்துவிடுகிறதே?

ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடிந்தால் பனிக்கட்டி போதும். முடியாவிட்டால் உறையவையுங்கள். உறைந்தால் ஈ.கோலை போன்றவை சாகும், அதனால் வளர்ப்பில் குறையும், டி.என்.ஏ. அப்படியே இருக்கும், பி.சி.ஆருக்குப் பாதிப்பு குறைவு. உறைந்து, உருகி, மறுபடி உறைவதுதான் கெடுதல். வெள்ளிக்கிழமை கூரியரில் போடாதீர்கள். சனி, ஞாயிறு முழுக்க எங்கோ வெயிலில் கிடக்கும்.

அறிக்கையில் மூன்று கிருமிகளின் பெயர் வந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து போடுவதா?

இல்லை. அறிக்கையை வாசிக்கத் தெரிவதுதான் பி.சி.ஆரில் கடினமான பகுதி.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், சி.டி. மதிப்பு என்பார்கள். எத்தனையாவது சுற்றில் அந்தக் கிருமியின் டி.என்.ஏ. கண்ணில் பட்டது என்பதுதான் அது. எண் சிறியதாக இருந்தால் கிருமி அதிகம், பெரியதாக இருந்தால் குறைவு. ஏறத்தாழ 3.3 சுற்றுக்கு ஒரு முறை அளவு பத்து மடங்கு மாறும். ஆகவே 22 என்று வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸும் (இது இன்னொரு மடிநோய்க் கிருமி) 36 என்று வந்த ஈ.கோலையும் ஒன்றல்ல, இரண்டுக்கும் நடுவே பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். முன்னது நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னது பெரும்பாலும் தோலில் இருந்தோ சாணத்தில் இருந்தோ தொற்றிக்கொண்டது. பல கிட்டுகள் 37-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. எல்லைக்குப் பக்கத்தில் வருவதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, மைக்கோபிளாஸ்மா போவிஸ் போன்றவை சுற்றுப்புறத்திலிருந்து சும்மா வந்து ஒட்டிக்கொள்பவை அல்ல. அவை குறைவாகத் தெரிந்தாலும் திரும்ப மாதிரி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே காம்பின் பாலில் நான்கைந்து சாணக் கிருமிகளின் பெயர் வரிசையாக வந்தால், மாதிரி எடுத்த விதம் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி எடுங்கள். நான்கு காம்புகளின் பாலையும் ஒரே குழாயில் கலந்து அனுப்பினால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அணு எண்ணிக்கை, மடியின் நிலை, மாட்டின் வயது, முன்பு எத்தனை முறை வந்தது எல்லாவற்றையும் மருத்துவரின் முன் ஒன்றாக வையுங்கள்.

மருந்து முடித்துச் சில நாள் ஆகியும் பி.சி.ஆர். பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பி.சி.ஆரில் பெருகும். வாசலில் செருப்பு கிடப்பதால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறார் என்று ஆகிவிடாது. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் விட்டு மாதிரி எடுப்பது நல்லது. அப்போதும் பாசிட்டிவ் வந்து அணு எண்ணிக்கையும் இறங்கவில்லை என்றால் தொற்று தொடர்கிறது என்று கொள்ளலாம். சந்தேகம் தீரவில்லையா? வளர்ப்புக்கு அனுப்புங்கள், தட்டில் வளர்ந்தால் உயிரோடு இருக்கிறது.

எந்த மருந்து கேட்கும் என்றும் இதுவே சொல்லிவிடுமா?

கொஞ்சம்தான் சொல்லும். பெனிசிலினை உடைக்கும் நொதியை உண்டாக்கும் பிளா-இசட் என்ற மரபணுவைப் பல கிட்டுகள் சேர்த்தே தேடுகின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் பிளா-இசட்டும் சேர்ந்து வந்தால் சாதாரணப் பெனிசிலின் குழாயைக் கையில் எடுக்காதீர்கள். ஆனால் அந்த மரபணு ஆரியஸுடையதா, அதே பாலில் இருந்த வேறொரு ஸ்டெஃபிலோகாக்கஸுடையதா என்று பி.சி.ஆருக்குத் தெரியாது. பெனிசிலின் குடும்பத்து மெத்திசிலினுக்கும் அடங்காத வகையை மெக்-ஏ என்ற மரபணு காட்டிக்கொடுக்கும். மெக்-சி என்று இன்னொன்று இருப்பது 2011-இல் வெளியே தெரிந்தது. அதற்கு வழிகாட்டியது இங்கிலாந்தில் ஒரு பால் தொட்டியிலிருந்து எடுத்த கிருமி. தெரிந்த மரபணுவை மட்டுமே பி.சி.ஆர். தேடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். மருந்துத் தேர்வுக்கு உயிருள்ள கிருமியில் செய்யும் சோதனைதான் இன்றைக்கும் அடிப்படை.

ஒவ்வொரு மாடாக எதற்கு? தொட்டிப் பால் ஒன்றைச் சோதித்தால் போதாதா?

பெரிய மந்தைக்கு நல்ல தொடக்கம். தொற்றிப் பரவும் கிருமிகளான அகலாக்டியே, ஆரியஸ், மைக்கோபிளாஸ்மா மூன்றில் ஏதாவது மந்தைக்குள் இருக்கிறதா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ளலாம். டென்மார்க்கில் எல்லா மந்தைகளின் தொட்டிப் பாலையும் ஆண்டுதோறும் அகலாக்டியேவுக்காகச் சோதிக்கிறார்கள், அதற்குப் பி.சி.ஆரைத்தான் பயன்படுத்துகிறார்கள். நியூசிலாந்தில் 2017-இல் மைக்கோபிளாஸ்மா போவிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நாட்டிலிருந்தே அதை ஒழிப்பது என்று அடுத்த ஆண்டு முடிவெடுத்தார்கள். பண்ணைகளைத் தேடிப் பிடிக்கத் தொட்டிப் பால் சோதனை பெரிதும் உதவியது. மொத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அழிக்க வேண்டியிருந்தது. பெயர் தாமதமாகத் தெரிவதற்கு அந்த நாடு கொடுத்த விலை அது.

தொட்டியில் ஈ.கோலை, யூபெரிஸ் வந்தால் மட்டும் பதறாதீர்கள். அவை காம்பின் அழுக்கிலிருந்தும் வரும். தொட்டியில் ஒரு முறை இல்லை என்று வந்ததால் மந்தையே சுத்தம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மடிநோய் தெரிந்த மாட்டின் பாலை நீங்கள் அந்தத் தொட்டியில் விட்டிருக்க மாட்டீர்களே.

16 எஸ், மால்டி-டாஃப் என்கிறார்களே, அவை என்ன?

எல்லா பாக்டீரியாவிலும் 16 எஸ் ஆர்.என்.ஏ. மரபணு உண்டு, நீளம் ஏறக்குறைய 1,500 டி.என்.ஏ. எழுத்து. அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், சில இனத்துக்கு இனம் மாறும். ஆகவே என்ன கிருமி என்று ஊகிக்கவே முடியாதபோது இந்த மரபணுவைப் பெருக்கி, எழுத்துவரிசையைப் படித்து, தரவுத்தளத்தில் ஒப்பிடலாம். நெருங்கிய உறவுள்ள இனங்களை இது பிரிக்காது. ஸ்டெஃபிலோகாக்கஸ் குடும்பத்துக்கு வேறு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். மால்டி-டாஃப் டி.என்.ஏ. சோதனையே அல்ல. தட்டில் வளர்ந்த கிருமியின் புரதங்களை எடைபோட்டுச் சில நிமிடத்தில் பெயர் சொல்லும் இயந்திரம். வளர்ந்தால்தான் அதற்கு வேலை.

கிருமி மாட்டிலிருந்து மாட்டுக்கு வந்ததா, கறப்பவர் கையிலிருந்து வந்ததா என்று தெரியுமா?

ஆரியஸ் விஷயத்தில் தெரிந்துகொள்ள முடியும். ஏழு மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டுக் கிருமியின் வம்சத்தைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. 97 என்று எண் கொடுத்த வம்சம் உலகெங்கும் மாடுகளில் அதிகம் காணப்படுவது. மனிதரிடம் அதிகம் காணப்படும் வம்சங்கள் வேறு. ஆனால் இது ஆராய்ச்சிக்கும் பெரிய பண்ணைகளுக்கும் உரியது. கொட்டகையில் வேலை செய்பவர் மேல் பழி போடுவதற்காக யாரும் இதைக் கேட்க வேண்டாம். கையுறை வாங்கிக் கொடுங்கள், கறந்து முடித்ததும் காம்பை மருந்தில் முக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வம்சம் எதுவானாலும் பரவுவது குறையும்.

தைப்பூசத்துக்குப் பால் கேட்டு வருகிறார்கள். மடிநோய் மாட்டின் பாலைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். தைப்பூசம் வருவது நம் ஊரில் கோடை மழையும் புழுக்கமும் சேர்ந்த மாதம். மாடுகள் சேற்றில் படுத்து எழும், யூபெரிஸும் ஈ.கோலையும் மடியேறுவது அப்போதுதான் அதிகம். பாலுக்குத் தேவை கூடும் நாளும் அதுவே. கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடத்தான் தோன்றும்.

அபிஷேகத்துக்குப் பச்சைப் பால் வேண்டும் என்பது நம் வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பால்குடம் வெயிலில் மணிக்கணக்காக ஊர்வலம் போகிறது. ஆரியஸ் இருக்கும் பாலில் அந்தச் சூட்டில் நச்சு உண்டாகும். கிருமி காய்ச்சினால் சாகும், அந்த நச்சு காய்ச்சினாலும் போகாது. எனவே குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் குடிக்கக் கொடுக்கும் பாலை, நல்ல மாட்டிலிருந்து தனியாகக் கறந்து, உடனே காய்ச்சி, குளிரவைத்துக் கோயிலில் வைத்திருங்கள். குடத்துப் பால் முருகனுக்கு, காய்ச்சிய பால் பக்தர்களுக்கு. கோயில் நிர்வாகங்கள் இதைத் தாங்களே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று: மடிநோய்க் கிட்டுகள் மாட்டைக் கன்று வீசவைக்கும் புரூசெல்லா கிருமியையோ மாட்டுக் காசநோய்க் கிருமியையோ தேடுவதில்லை. பி.சி.ஆரில் ஒன்றும் இல்லை என்ற பால் பச்சையாகக் குடிக்கத் தகுந்தது என்று பொருள் இல்லை. புரூசெல்லா நம் நாட்டில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட நோய். அதற்கு இரத்தப் பரிசோதனை வேறு; கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் தடுப்பூசி கட்டாயம். மாடு காரணம் தெரியாமல் கன்று வீசினால் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், விழுந்ததை வெறுங்கையால் தொடாதீர்கள். பச்சைப் பாலில் செய்த அமாசியும் (இந்நாட்டுப் புளித்த பால்) இதற்கு விலக்கல்ல; புளித்துவிட்டதால் மட்டும் அது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

பால் நன்றாகத்தான் இருக்கிறது, தயிர் மட்டும் உறையவில்லை. கிருமியா?

முதலில் மருந்தைச் சந்தேகப்படுங்கள். பாலில் ஆண்டிபயாடிக் மிச்சம் இருந்தால் உறைமோரின் கிருமிகள் வளராது. குழாயின் உறையில் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊற்றுவதும் நல்லதல்ல. பி.சி.ஆர். இந்த மிச்சத்தைக் காட்டாது, அதற்கு வேறு சோதனை.

எங்களிடம் இரண்டே மாடு. இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். மாதம் ஒரு முறை நான்கு குழித் தட்டில் நீங்களே பாருங்கள், அதற்கு அதிகம் செலவில்லை. ஒரு காம்பு திரும்பத் திரும்பக் கூழானால் முதலில் வளர்ப்புக்கு அனுப்புங்கள். வளர்ப்பில் ஒன்றும் வராமல் நோய் மட்டும் தொடர்ந்தால், மருந்து இரண்டு முறை தோற்றால், கன்றுகளுக்கும் மூட்டு வீங்கினால், அப்போது பி.சி.ஆர். புது மாடு வாங்கும் முன்பும் அதன் பாலைச் சோதிப்பது மிக நல்ல செலவு. மந்தைக்குள் ஆரியஸும் மைக்கோபிளாஸ்மாவும் பெரும்பாலும் வாங்கிவந்த மாட்டோடுதான் நுழைகின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அல்லர்ட்டன் மாகாணக் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. பிரிட்டோரியா பக்கம் ஒண்டர்ஸ்டெபூர்ட்டில், 1908-இல் அர்னால்ட் தைலர் தொடங்கிய ஆய்வு நிலையமும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடமும் இருக்கின்றன. தனியார் ஆய்வகங்களும் உண்டு. எந்தச் சோதனை எங்கே, எந்தக் குழாயில், எவ்வளவு பால், என்ன கட்டணம் என்று உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் முன்பே கேட்டுவிட்டு மாதிரி எடுங்கள். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் அனுப்பினால் கூரியர் செலவு பங்காகிவிடும். குழாய்களில் பெயரை மட்டும் தெளிவாக எழுதுங்கள். ஐந்து வீட்டிலும் ஒரு லட்சுமி இருக்கும்.